நம் வயலின் அட்டவணை

ஹெப்பகோடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

சிந்து எழுதுவது. உங்கள் உடம்பும் அத்தையின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன். அறைக்குத் தண்ணீர் லாரி ஒழுங்காக வருவதில்லை. அது இந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள கதை.

கட்டிய புருஷனுக்குப் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. பொங்கலுக்கு வந்தபோதும் அதுதான் நடந்தது. மிளகாயைத் தலைமுழுகிவிட்டு இங்கே வாருங்கள் என்று நான் ஆரம்பித்தேன். "உன் பெங்களூருல எனக்கு என்னா வேல? கேட்டுல நின்னு சல்யூட் அடிக்கவா?" என்று நீங்கள் முடித்தீர்கள். இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். இது மருந்து விஷயம். மருந்தின் பெயர் காகிதத்தில் இருந்தால்தான் கடையில் நீட்ட முடியும். நம் ஊர் வண்டிக்கார ரவிக்குமார் அண்ணன் இங்கே தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும்போது சந்தாபுரா சிக்னலில் இதைக் கொடுக்கிறேன். மதியத்துக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

நான் செய்வதைக் 'கம்ப்யூட்டர் வேலை' என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது என்ன வேலை என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் கம்பெனி வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறது. விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகள் இங்கே வந்து, அச்சுக்குத் தயாராகி, வெளிநாட்டுக்கே திரும்பிப் போகின்றன. ஒரு கட்டுரையை ஒருவரே முழுதாகப் பார்ப்பது கிடையாது. எழுத்தை ஒரு பிரிவு பார்க்கும், படங்களை இன்னொரு பிரிவு பார்க்கும். நான் அட்டவணைப் பிரிவு. முதல் பக்கமும் அட்டவணைகளும் மட்டும் என் திரைக்கு வரும். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பேனாவும் காகிதமும்கூட உள்ளே வரக்கூடாது. எழுத்துப் பிரிவில் ஆஞ்சலா என்று ஒருத்தி இருக்கிறாள், ஆஸ்டின் டவுன்காரி. "ஏ புள்ள, நாம போஸ்ட்மேன் ஜாதி. கவரத் தூக்கலாம், பிரிக்கக்கூடாது" என்பாள்.

வெள்ளிக்கிழமை நான் பிரிக்கக்கூடாத கவருக்குள் நம் வயல் இருந்தது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். மிளகாயைத் தாக்கும் கருப்பு இலைப்பேனைப் பற்றிய கட்டுரை அது. சோதனை நடந்த இடம் ராயக்கோட்டை வட்டாரம், 'ஒரு விவசாயியின் நிலம்' என்று போட்டிருக்கிறது. எழுதியவர் பெயர் ராஜேந்திரன். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஜீப்பில் வந்தாரே, அந்தச் சார்தான். ரோட்டோரத் துண்டை வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எண் எழுதிய குச்சி நட்டார்கள். எந்தக் கட்டத்தில் என்ன மருந்து என்று உங்களிடம் சொல்லவில்லை. அவர்கள் ஆட்களே கலந்தார்கள், அவர்களே அடித்தார்கள். சில கட்டங்கள் பச்சையாக நின்றன, சில கட்டங்கள் சுருண்டு கருகின. நின்ற கட்டத்தில் அடித்தது எது என்று நீங்கள் கேட்டபோது, "எல்லாம் ரிப்போர்ட்டுல வரும் பாஸு" என்று அவரோடு வந்த உதவியாளன் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஜீப்பும் வரவில்லை, ரிப்போர்ட்டும் வரவில்லை. உங்கள் நிலத்தில், உங்கள் கண்ணெதிரே நின்ற செடிக்கு என்ன கொடுத்தார்கள் என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது.

அதுதான் என் திரையில் இருந்தது. அட்டவணை மூன்று. ஐந்து வரிசைகள்: வெறும் தண்ணீர், வேப்பெண்ணெய், பூச்சியைக் கொல்லும் பூஞ்சணப் பொடி, 'விவசாயிகள் வழக்கமாக அடிக்கும் இரட்டைக் கலவை', புதிதாக வந்த ஒரு மருந்து. எதற்கு எவ்வளவு பேன் மிஞ்சியது, எவ்வளவு காய் வந்தது என்று எதிரே எண்கள்.

மாமா, எனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அதிகம் காய்த்தது, பேன் குறைவாக இருந்தது, இரண்டுமே அந்த இரட்டைக் கலவைதான். நம் கடைக்காரர் உங்கள் தலையில் கட்டுகிறாரே, அதேதான். பொங்கலன்று நீங்கள், "அடிக்க அடிக்கப் பூ கொட்டுது, நிறுத்திப் பாக்கலாமான்னு இருக்கு" என்றீர்கள். கடைக்காரர் திருடர் என்று நானும் ஒத்து ஊதினேன். ஆனால் எண் வேறு மாதிரி இருக்கிறது. எண்ணோடு எனக்கு என்ன சண்டை? அந்த ஆள் திருடராகவே இருக்கட்டும், மருந்து சரியான மருந்துதான்.

ஆகவே நிறுத்த வேண்டாம். பெயர்களை அடியில் தனியாக எழுதியிருக்கிறேன், பாட்டிலில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். வேலை போய்விடும்.

இந்த ஒரு வெள்ளாமை பிழைத்து நின்றுவிட்டால் உங்களை இங்கே கூப்பிட எனக்கு வாயிருக்காது. இருந்தாலும் நிற்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

உங்கள்
சிந்து


ஹெப்பகோடி,
மாசி பிறந்த முதல் வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

ரவிக்குமார் அண்ணன் சிக்னலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே விஷயத்தைச் சொன்னார். இரண்டு தடவை அடித்துவிட்டீர்களாம். பாத்தியெல்லாம் பூ உதிர்ந்து கிடக்கிறதாம். "பூவ உதறுனா கருப்பா பொடி மாதிரி கொட்டுதும்மா, அத்தனையும் பேனு" என்றார். நேற்று போனில் கேட்டபோது நீங்கள், "பரவால்ல, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னீர்கள். நீங்கள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. நான் எண்ணைப் பார்த்தேன். பகலில் மூன்று தடவை பார்த்தேன். மனதில் ஏற்றிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஒருவேளை எப்போது அடிக்க வேண்டும், எந்த வயதுச் செடிக்கு என்பதெல்லாம் எழுத்துப் பகுதியில் இருந்திருக்கும். அது என் மேசைக்கு வருவதில்லை.

ஆஞ்சலாவிடம் கேட்டேன். கேண்டீனில் பரோட்டாவைப் பிய்த்தபடியே என்னை முறைத்தாள். "அந்த ஃபைலு என் கைக்கே வரல. வந்திருந்தாலும் குடுத்திருக்கமாட்டேன். எனக்கு ரெண்டு பசங்க இருக்கு, வேலை போச்சுன்னா நீ சோறு போடுவியா?" என்றாள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் தானாகவே பக்கத்தில் வந்து நின்றாள். "பேஜார் பண்ணிக்காத. வேல முடிஞ்சு போயிடுச்சாம், இணையத்துல வந்துட்டுது. தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

தேடினேன், இருக்கிறது. கட்டுரையின் தலைப்பு, ராஜேந்திரன் சார் பெயர், அதன் கீழே நாலு வரிச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'சோதிக்கப்பட்ட மருந்துகளுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது.' அவ்வளவுதான். எது நல்லது, எது கெட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கீழே ஒரு பட்டன், டாலரில் விலை. ஒரு கட்டுரையை ஒரு நாள் பார்ப்பதற்கு அவர்கள் கேட்கிற விலைக்கு நம் ஊரில் நாலு ஆள் வைத்து ஒரு நாள் காய் பறிக்கலாம். கட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற கார்டு என்னிடம் இல்லை. அறையில் இருக்கிற ஒருத்தியிடமும் இல்லை.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. நிலம் நம்முடையது. தண்ணீர் நம் போர்வெல்லில் ஏறியது. அந்தச் சாருக்குச் சம்பளம் அரசாங்கப் பணம், ஜீப்புக்கு டீசல் அரசாங்கப் பணம். சரி, வெளிநாட்டு இதழ் உழைத்ததே என்று பார்த்தால், பக்கம் கட்டியது ஹெப்பகோடியில் பஸ் ஏறிப் போகிற நாங்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்றுக்கு எவனோ ஒருவன் பூட்டுப் போட்டு, நம்மிடமே சாவிக்குக் காசு கேட்கிறான். இப்போது நம் அரசாங்கமே அந்தக் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டி, கல்லூரிகளில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று திறந்துவிட்டிருக்கிறதாம். நல்லதுதான். பேன் கல்லூரிக்குள் வந்தால் அவர்கள் படித்துப் பார்த்து விரட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் டீம் லீடர் லாயிட் சாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். வேலை முடிந்துபோன கட்டுரையைத் திரும்பப் பார்க்க வழி உண்டா என்றேன். "எதுக்கும்மா? உன் டேபிள்ல எரர் ஏதாச்சும் விட்டியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வேற ஃபைல எடு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

முதல் பக்கத்தில் ராஜேந்திரன் சாரின் ஆபீஸ் விலாசம் இருக்கிறது. இதே பெங்களூருதான், ஹெப்பாளுக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமை எனக்கு லீவு. நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன். அதுவரை அடிக்க வேண்டாம். அடுத்த தடவைக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். இருக்கட்டும், பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

அத்தையிடம் எதுவும் சொல்லாமல் இருக்காதீர்கள். நீங்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அவர் அதிகம் பயப்படுகிறாராம்.

உங்கள்
சிந்து


ஹெப்பகோடி,
வெள்ளிக்கிழமை விடியற்காலை

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடாதீர்கள். கோபம் என்றால் என்னிடம் காட்டுங்கள், காகிதத்திடம் வேண்டாம்.

சனிக்கிழமை போனில் சொன்னதை நீங்கள் முழுதாகக் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. பாதியில் "ம்" என்ற சத்தமும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ராஜேந்திரன் சாரை அவருடைய அறையிலேயே பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று சொன்னதும், "ப்ரூஃப்ல ஏதாச்சும் சந்தேகமா? மெயில்லயே கேட்டிருக்கலாமே" என்றார். நான் அந்த வயல்காரரின் மனைவி என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இளங்கோவன் வீடா? போறப்பல்லாம் இளநி வெட்டிக் குடுப்பாரே. நல்லா இருக்காரா?" என்றார். உங்கள் பெயர் அவருக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கட்டுரையில் போடத்தான் மறந்துவிட்டார்.

உங்கள் அட்டவணைப்படி இரட்டைக் கலவை அடித்தோம், பூவெல்லாம் கொட்டிவிட்டது, வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. "எந்தக் கலவை? அதுதானேம்மா அஞ்சுலயே மோசம்" என்றார்.

மாமா, அட்டவணை தப்பாக இருந்திருக்கிறது. அவர் அனுப்பிய மூலத்தில் ஐந்து வரிசைக்கும் எண் சரியாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் அதை மாற்றும் மென்பொருள், தலைப்பு வரிசையில் இரண்டு கட்டங்கள் ஒன்றாக இணைந்திருந்ததால், எண்களையெல்லாம் ஒரு வரிசை கீழே தள்ளிவிட்டது. பூஞ்சணப் பொடியின் எண் கலவைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டது. கடைசி வரிசையின் எண் அடிக்குறிப்போடு போய் ஒட்டிக்கொண்டது. முதல் வரிசையில், வெறும் தண்ணீருக்கு நேரே, எண்ணே இல்லை, கோடு மட்டும். அந்தக் கோட்டை நான் பார்த்தேன். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. அட்டவணையில் கோடு இருந்தால் கேள்வி எழுப்பக்கூடாது. எழுதியவர் அளக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். தண்ணீரை அளக்காமல் எவனாவது சோதனை செய்வானா என்று உங்களைப் போல வயலில் நிற்கிற யாரும் கேட்டிருப்பார்கள். எங்களில் யாரும் கேட்கவில்லை.

அச்சுக்கு முன் எழுதியவருக்குப் போகும் ப்ரூஃபில் அவர் அதைப் பார்த்துத் திருத்தி அனுப்பிவிட்டார். திருத்தியதுதான் இணையத்தில் வந்திருக்கிறது. திருத்தம் வேறு ஆட்கள் கைக்குப் போகும், என் திரைக்கு வராது. சரியானது பூட்டுக்குள் இருக்கிறது. தப்பானது மட்டும்தான் என் வழியாக உங்களிடம் வந்தது.

அவருக்கு வியர்த்துவிட்டது. "ப்ரூஃபப் பாத்து யாராச்சும் மருந்து அடிப்பாங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

"வேற எதப் பாத்து சார் அடிக்கறது? நீங்க வந்து சொன்னீங்களா?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை, தன் பக்கத்தைச் சொன்னார். கட்டுரை வருவதற்கு முன்னால் முடிவை வெளியே சொன்னால் இதழ் ஏற்குமோ ஏற்காதோ என்ற பயமாம். கட்டுரை இல்லாவிட்டால் அவருக்குப் பதவி உயர்வு இல்லையாம். எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று திறந்து வைக்க வேண்டுமானால், எழுதியவரே அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டுமாம். அது அவருடைய பல மாதச் சம்பளம். அதற்கு அவர் ஆபீஸில் நிதி கிடையாது. தமிழில் இரண்டு பக்கம் அடித்து ஊருக்கு அனுப்பியிருக்கலாமே என்றேன். "கமிட்டி சிபாரிசு பண்ணாம எழுத்துல குடுக்கக்கூடாதும்மா. அது ரெண்டு வருஷம் ஆகும்" என்றார். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. இத்தனை நியாயத்துக்கும் நடுவில் நம் செடி செத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்து, வாய்மொழியாக எல்லாவற்றையும் சொன்னார். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லத்தான் போகிறேன்.

அவர் சொன்னது இது. இந்தப் பேன் பூவுக்குள் ஒளிந்துகொள்ளும், அதன்மேல் மருந்து படாது. அதைப் பிடித்துத் தின்கிற பூச்சிகளும் சிலந்திகளும் வெளியே நடமாடுவதால் அவைதான் முதலில் சாகும். கலவையை அடிக்க அடிக்கப் பேன் பெருகுவது அதனால்தான். பொங்கலன்று நீங்கள் சொன்னீர்களே, அது சரி. நிறுத்தியிருக்க வேண்டும்.

இனிமேல் கலவை ஒரு சொட்டுக்கூடக் கூடாது. உதிர்ந்த பூவையும் சுருண்ட நுனியையும் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுங்கள், பாத்தியில் விடாதீர்கள். நீல நிற ஒட்டும் அட்டைகளைச் செடி உயரத்தில் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். ஓசூரில் கிடைக்கும். பூஞ்சணப் பொடியை வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் வீண். பெயரையும் டேங்க் அளவையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பின் குத்தியிருக்கிறேன். இந்தத் தடவை மூன்று முறை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து, வெளியே வந்ததும் எழுதியது. நம்புங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

செடி பிழைக்குமா என்று கேட்டேன். இத்தனை தடவை கலவை அடித்த பிறகு உறுதி சொல்ல முடியாது என்றார். பாதி தேறலாம், தேறாமலும் போகலாம். உங்களிடம் இதை மறைக்கமாட்டேன். ஆனால் வேரோடு பிடுங்காதீர்கள், மாசி முடியும்வரை பொறுங்கள். அந்தத் தனித்தாளை நம் ஓரத்துக் கழனிக்காரர்கள் யார் கேட்டாலும் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். கடைச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது.

என் வேலையைப் பற்றி ஊரில் யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ராஜேந்திரன் சார் எங்கள் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறார். இப்படி ஒரு விவசாயி பாதிக்கப்பட்டார், உங்கள் ஊழியர் ஒருவர் வந்து சொன்னார், அட்டவணை மாற்றும் முறையைச் சரிபாருங்கள் என்று. நல்லதுக்குத்தான் எழுதியிருப்பார். நேற்று லாயிட் சார் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். கேட்டேனே சார் என்றேன். அடையாள அட்டையை மேசைமேல் வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை விசாரணைக்கு வர வேண்டுமாம். போவேன். அந்தக் கோட்டைப் பற்றி அவர்களிடம் நானும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆஞ்சலா நேற்று அறைக்கே வந்து பிரியாணிப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு, "பைத்தியக்காரி" என்று திட்டிவிட்டுப் போனாள்.

வேலை போனால் போகிறது. அதற்கு நான் அழவில்லை, நீங்களும் அழ வேண்டாம். கடன், அடுத்த வெள்ளாமை, யார் எங்கே இருப்பது என்று எதையும் இப்போது பேச வேண்டாம். உங்களை இங்கே வா என்றும் சொல்லமாட்டேன். "அவளக் கெளம்பி வரவேணாம்னு சொல்லு" என்று நீங்கள் ரவிக்குமார் அண்ணனிடம் சொல்லி அனுப்பியதைக் கேட்டேன். அதனால்தான் இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பக்கத்து வீட்டு விஜியின் போனில் அத்தையிடம் பேசினேன். இரண்டு நாளாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார். மருந்தெல்லாம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். அதே ரூமில்தான் என்றார். போனை வைத்ததும் ரவிக்குமார் அண்ணனைக் கூப்பிட்டேன்.

மாமா, அந்தப் பாட்டில்களை எனக்கு அனுப்பிவிடுங்கள். திறந்தது, திறக்காதது, அடியில் ஒரு மூடி மிச்சம் இருப்பது, எல்லாவற்றையும். நாளை விடியற்காலை ரவிக்குமார் அண்ணன் தக்காளி ஏற்ற வருவார், அவரிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார் என்று சொல்லாதீர்கள், எனக்குத் தெரியும். நானே குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். அதையெல்லாம் வைத்து நீ என்ன செய்வாய் என்று கேட்டால், ஒன்றும் செய்யமாட்டேன், என் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொள்வேன். உங்களுக்கு அது இனி தேவைப்படாது. எனக்கு அது என் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

நாளைக் காலை நான் சந்தாபுரா சிக்னலில் நிற்பேன். வண்டியில் பாட்டில்கள் வராவிட்டால், விசாரணையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அதே வண்டி திரும்பும்போது நீங்கள் வரவேண்டாம் என்றாலும் ஏறி வந்துவிடுவேன்.

இப்போது எழுந்து வீட்டுக்குப் போங்கள். அத்தை சோறு போட்டு வைத்திருப்பார். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

உங்கள் சிந்து